1,500 ரூபாய்க்கு எடுத்த கேமரா லட்சத்துக்கு மேல போகுதாம்... நான் பண்ணது ஏமாத்து வேலையா மேடம்?

வட சென்னையில இருக்கற ஒரு வாசகர் மூணு பக்கத்துக்கு எழுதியிருக்கார். ஆள் அடையாளம் தெரியற விவரத்த எல்லாம் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சுருக்கமா சொல்லிடறேன்.

ஐடி கம்பெனில வேலை. பழைய கேமரா, கைக்கடிகாரம் வாங்கி, ரிப்பேர் பாத்து, சிலத வெச்சுக்கிட்டு சிலத விக்கறது பொழுதுபோக்கு. லீவு போட்டாவது பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிடற ஆள். கூட வேலை பாக்கறவர் சொல்லி மேற்கு மாம்பலத்துல ஒரு வீட்டுக்குப் போயிருக்கார். அங்க 78 வயசு அம்மா ஒருத்தங்க தனியா இருக்காங்க, கணவர் இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஃபிளாட்ட இடிச்சுக் கட்டப் போறதால மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும், பையன் மெல்போர்ன்ல, பொண்ணு கோயமுத்தூர்ல. பரண்ல இருந்து எறக்கின சாமான் ஹால் பூரா குவிஞ்சு கெடந்திருக்கு. அதுல ஒரு தோல் பை. தொறந்தா உள்ள லைக்கா எம்3ங்கற ஃபிலிம் கேமரா, 50 எம்எம் சம்மிக்ரான் லென்ஸோட.

அப்புறம் நடந்தத அவர் வார்த்தையிலயே போடறேன். "லிவர இழுத்து ஷட்டர அமுக்கிப் பாத்தேன் மேடம், பஞ்சு மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு, எல்லா ஸ்பீடும் சரியா இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவங்க 'எனக்கு இதப் பத்தி என்னப்பா தெரியும், நீயே பாத்து ஒரு விலை சொல்லு'ன்னாங்க. நான் 'இது ஓடாதும்மா, இதுக்கு ஃபிலிமும் இப்பல்லாம் வர்றதில்ல, ஷோகேஸ்ல வெக்கலாம் அவ்வளவுதான்'னு சொல்லி 1,500 ஜிபே பண்ணிட்டு எடுத்துட்டு வந்துட்டேன். காபி வேற போட்டுக் குடுத்தாங்க."

இப்ப ஒருத்தர் அந்தக் கேமராவ 1,60,000க்குக் கேக்கறாராம், ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். நண்பர்கள் "உன் அறிவுக்குக் கெடைச்ச கூலிடா"ங்கறாங்க. மனைவி அந்தக் கேமராவ வீட்டுக்குள்ள வெக்கவே வேணாம்ங்கறாங்க. பைய நல்லா குடைஞ்சு பாத்ததுல பக்கவாட்டு ஜிப்புக்குள்ள அந்தக் கணவர் பேர்ல நாலு ஷேர் சர்டிஃபிகேட் இருந்திருக்கு. பையோட சேத்து வாங்கினதால அதுவும் தனக்குத்தானான்னு கேக்கறார். நண்பருக்கு அனுப்பின ஒரு வாட்ஸ்அப் மெசேஜ டெலீட் பண்ணிடவான்னும் கேக்கறார். கடைசியா, கும்பகோணம் பக்கம் ஒரு பழைய வீட்ல ஐம்பொன் சிலை சல்லிசா வருதாம், எடுக்கலாமான்னு ஒரு கேள்வி.

தம்பி, கேமராவ வித்துட்டுப் பேசாம இருக்காம எழுதிக் கேட்டீங்களே, அதுக்கு முதல்ல நன்றி. உறுத்தல் இருக்கறதாலதான் எழுதியிருக்கீங்க, அந்த உறுத்தல் சரியான எடத்துலதான் இருக்கு. ஆனா நீங்க அதுக்கு நெனச்சிட்டிருக்கற காரணம் தப்பு. 1,500க்கும் 1,60,000க்கும் நடுவுல இருக்கற பள்ளத்தப் பாத்துப் பயந்திருக்கீங்க. அந்தப் பள்ளத்த சட்டம் பெருசா கண்டுக்காது. சட்டம் பாக்கறது நீங்க சொன்ன அந்த ஒத்த வரியத்தான், "இது ஓடாதும்மா"ங்கறத.

சும்மா இருக்கறது வேற, பொய் சொல்றது வேற

நம்ம நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872ல போட்டது, இன்னிக்கும் அதுதான் ஓடுது. அதுல 25வது பிரிவுல ஒரு உதாரணமே இருக்கு, 1,000 ரூபா பெறுமான குதிரைய ஒருத்தர் 10 ரூபாய்க்குக் குடுக்க ஒத்துக்கறார், மனசார ஒத்துக்கிட்டார்னா அந்த ஒப்பந்தம் செல்லும். விலை கம்மியா போச்சேங்கற ஒரே காரணத்துக்காக கோர்ட்டு உள்ள வராது. ஆனா அதுக்கு அடுத்த உதாரணத்தையும் சேத்துப் படிக்கணும், வித்தவர் "நான் மனசார ஒத்துக்கல"ன்னு சொன்னார்னா, அவ்வளவு கம்மி விலைக்குப் போயிருக்கேங்கறத கோர்ட்டு கணக்குல எடுத்துக்கணும். அதாவது விலை மட்டுமே குத்தம் ஆகாது, வேற ஏதாவது குத்தம் இருந்தா விலை அதுக்கு சாட்சியாகும்.

20வது பிரிவுலயும் உங்க பக்கம் ஒரு வரி இருக்கு, ஒரு பொருளோட மதிப்பப் பத்தி தப்பா நெனச்சது உண்மை நிலையப் பத்தின பிழை ஆகாது. "நான் ஏதோ பழைய டப்பான்னு நெனச்சுட்டேன்"னு சொல்லி மட்டும் வியாபாரத்த ரத்து பண்ண முடியாது. 17வது பிரிவு இன்னும் தெளிவா சொல்லுது, வாய தொறக்கற கடமை இல்லாத எடத்துல வெறுமனே பேசாம இருக்கறது மோசடி இல்ல. அங்கயும் ஒரு உதாரணம், ரெண்டு வியாபாரிங்க பேரம் பேசறாங்க, ஒருத்தருக்கு விலை மாறப் போறது முன்னாடியே தெரியும், அத எதிராளிக்குச் சொல்லணும்ங்கற கட்டாயம் அவருக்கு இல்ல.

இங்க வரைக்கும் படிச்சா உங்க நண்பர்கள் சொன்னது சரின்னு தோணும். ஆனா அதே 17வது பிரிவு மோசடின்னா என்னன்னு சொல்ல ஆரம்பிக்கறப்ப முதல்ல வெக்கறதே, உண்மை இல்லைன்னு தனக்கே தெரிஞ்ச ஒண்ண உண்மைன்னு சொல்றது. ஷட்டர அமுக்கி, சத்தம் கேட்டு, நல்லா ஓடுதுன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் "ஓடாது"ன்னீங்க. ஃபிலிம் வர்றதில்லன்னீங்க, கோடாக்கும் இல்ஃபோர்டும் இன்னும் ஃபிலிம் போட்டுட்டுதான் இருக்காங்க, நீங்களே வாங்கறவர்தான். இது பேசாம இருந்த கணக்குல வராது. 19வது பிரிவுப்படி இந்த மாதிரி வாங்கின சம்மதத்த அந்த அம்மா ரத்து பண்ணலாம், தேர்வு அவங்களோடது. "அவங்க கூகுள்ல தேடிப் பாத்திருக்கலாமே"ன்னு எழுதியிருக்கீங்க. கொஞ்சம் விசாரிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமேங்கற வாதம் தெரியாம தப்பா சொன்னதுக்கும், பேசாம இருந்து ஏமாத்தினதுக்கும்தான் பொருந்தும். தெரிஞ்சே வாயத் தொறந்து பொய் சொன்னவருக்கு அது கேடயம் ஆகாது.

அமெரிக்காவுல 1817ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ஒரு கேஸ் உண்டு, வக்கீலுக்குப் படிக்கறவங்க எல்லாரும் கேள்விப்படற கேஸ். நியூ ஆர்லியன்ஸ்ல இங்கிலாந்தோட நடந்த சண்டையால ஏற்றுமதி நின்னு போய் பொகையிலை விலை படுத்துக் கெடந்த நேரம். ஆர்கன்ங்கற வியாபாரிக்கு விடியக்காலையிலயே சமாதான ஒப்பந்தம் ஆயிடுச்சுன்னு சேதி வந்துடுது, நேரா போய் பொகையிலைய மொத்தமா பேசி முடிச்சுட்டார். விக்கறவங்க தரப்பு ஆள் "விலை ஏறுற மாதிரி ஏதாவது சேதி உண்டா"ன்னு கேட்டார், ஆர்கன் பதில் சொல்லல. சேதி ஊருக்குத் தெரிஞ்சதும் விலை 30ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் ஏறிடுச்சு. தலைமை நீதிபதி மார்ஷல் என்ன சொன்னார்னா, தனக்குத் தெரிஞ்ச சேதிய எதிராளிக்குச் சொல்லியே ஆகணும்னு இல்ல, ஆனா எதிராளிய ஏமாத்தற மாதிரி எதையும் சொல்லாம செய்யாம இருக்க ரெண்டு பேரும் பாத்துக்கணும். அப்படி ஏதாவது நடந்துச்சாங்கறத ஜூரிதான் தீர்மானிக்கணும்னு கேஸ திருப்பி அனுப்பினாங்க. முதல் பாதிய மட்டும் நிறைய பேர் ஞாபகம் வெச்சிருப்பாங்க, உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது பாதி.

இதுக்கு மேல ஒண்ணு, இதத்தான் நான் முக்கியமா சொல்ல நெனக்கறேன். அந்த அம்மா உங்ககிட்ட "எவ்வளவு குடுப்பே"ன்னு கேக்கல. "நீயே பாத்து ஒரு விலை சொல்லு"ன்னாங்க. ரெண்டும் ஒண்ணு மாதிரி காதுல விழும், ஒண்ணு கெடையாது. முன்னத கேட்டிருந்தா நீங்க வாங்க வந்த ஆளு, உங்க லாபத்த நீங்க பாக்கலாம். பின்னத கேட்டப்ப அவங்க உங்கள நம்பி ஒரு வேலைய ஒப்படைச்சாங்க, விவரம் தெரிஞ்ச பையன், நமக்காக பாத்துச் சொல்லுவான்னு. அந்த எடத்துல உங்களுக்கு நேர்மையா ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, "அம்மா நான் வாங்க வந்தவன், விலை நான் சொல்லக்கூடாது, வெளிய விசாரிச்சுட்டு நீங்க சொல்லுங்க"ன்னு ஒதுங்கறது. இல்ல விலை சொல்றதுன்னா உண்மையான விலைய சொல்றது. நம்பிக் கேட்ட கேள்விக்கு வாங்கறவரோட பதில, ஆலோசனை சொல்றவர் மாதிரி சொன்னீங்க பாருங்க, உங்க மனைவிக்கு உறுத்தறது அதுதான்னு நெனக்கறேன்.

பல்லாவரம் சந்தை ஞாயம் வேற

"அப்போ சந்தைல வாங்கறதெல்லாம் பாவமா"ன்னு கோவமா ஒரு வரி எழுதியிருக்கீங்க. இல்ல. சந்தைல தார்ப்பாய் விரிச்சு சாமான் போட்டிருக்கறவருக்கு விலை தெரிஞ்சுக்கறதுதான் தொழிலே. காயலான் கடைல கிலோ கணக்குல எடுத்துட்டு வந்து, பத்து சாமான்ல ஒண்ணு ரெண்டுல நல்ல லாபம், மத்ததுல நஷ்டம்னு கணக்குப் போட்டு ஒக்காந்திருக்கார். அவரே 800 ரூபான்னு விலை சொல்லி, நீங்க 600க்குக் கேட்டு, 700க்கு முடிச்சு, வீட்டுக்கு வந்து பாத்தா அது 10,000 பெறும்னா அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. வருஷக்கணக்குல கண்ண முழிச்சு நீங்க கத்துக்கிட்டதுக்கு வர்ற பலன் அது. உங்கள மாதிரி ஆளுங்க இல்லைன்னா பாதி சாமான் பித்தளை ரேட்டுக்கு உருக்குப் பட்டறைக்குப் போயிருக்கும். பொருள காப்பாத்தறவருக்கும் ஒரு பங்கு உண்டு, அத நான் மனசார ஒத்துக்கறேன்.

நடுவுல ஒரு எடம் இருக்கு, அதுதான் கஷ்டம். வீட்டுக்காரங்க, தொழில்முறை வியாபாரி இல்ல, ஆனா அவங்களே "ஆயிரம் ரூபா குடுத்துட்டு எடுத்துக்கோங்க"ன்னு விலை சொல்லிடறாங்க, நீங்க எந்தப் பொய்யும் சொல்லல. சட்டம் உங்கள விட்டுடும். நான் விட மாட்டேன். கொஞ்ச நஞ்ச வித்தியாசம்னா போகட்டும், நூறு மடங்கு வித்தியாசம்னா "இது நல்ல கம்பெனி சாமான்ங்க, ஒரு தடவ விசாரிச்சுட்டுக் குடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடணும். சொல்லிட்டும் அவங்க குடுத்தா தாராளமா வாங்கிக்கலாம். ஒரு வார்த்தைல போயிடற லாபம்னா அது உங்க அறிவால வந்த லாபம் இல்ல, அவங்க அறியாமையால வந்தது.

"அவங்களுக்கு காசு ஒரு பொருட்டில்ல, பையன் ஆஸ்திரேலியாவுல இருக்கான்"ங்கறது வேணாம் தம்பி. வசதியானவங்ககிட்ட பொய் சொல்லலாம்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. அதுவும் போக, பையன் இருக்கறது உங்களுக்கு சாதகம்னு நெனக்கறீங்க, அது உண்மைல பாதகம். கேமரா அந்தக் கணவரோடது. அவர் உயில் எழுதாம போயிருந்தா, நீங்க சொன்ன விவரத்த வெச்சுப் பாத்தா இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 படி மனைவி, பையன், பொண்ணு மூணு பேருக்கும் சம பங்கு. வீட்டு சாமான பொம்பளப் புள்ளையோ பையனோ வந்து பங்கு கேக்க மாட்டாங்க, நடைமுறைல அம்மா வித்தா சரின்னு விட்டுடுவாங்க. கூட்டு சொத்த மத்தவங்க அனுமதியோட கையில வெச்சிருக்கறவர்கிட்ட வாங்கினாலும் வாங்கினது செல்லும்னு சரக்கு விற்பனைச் சட்டம் சொல்லுது, ஆனா நல்லெண்ணத்தோட வாங்கியிருக்கணும். "ஓடாது"ன்னு சொல்லி வாங்கினவர் நல்லெண்ணம்னு எந்த வாயால சொல்ல முடியும்?

பைக்குள்ள இருந்த ஷேர் சர்டிஃபிகேட்

இதுல ரெண்டு கருத்துக்கே எடமில்ல. அது உங்களோடது இல்ல. இங்கிலாந்துல 1841லயே இந்தக் கேள்வி வந்துடுச்சு, ஏலத்துல ஒரு மேஜைய எடுத்தவர் அதுல ரகசிய அறைக்குள்ள பணப்பை இருக்கறத கண்டுபிடிச்சு எடுத்துக்கிட்டார். வித்தவர் வித்தது மேஜைய, உள்ள பணம் இருக்கறது அவருக்கே தெரியாது, தெரியாதத எப்படி வித்திருக்க முடியும்னு கோர்ட்டு கேட்டுச்சு. மேஜையும் உள்ள இருக்கறதும் சேத்துதான் வித்தாங்கன்னு எடுத்தவர் நம்ப ஞாயமான காரணம் இல்லைன்னா, எடுத்துக்கிட்டது திருட்டுதான்னு சொல்லிடுச்சு. உங்க பைக்கு அப்படியே பொருந்துது. நம்ம ஊர்ல குத்தங்களுக்கு தண்டனை சொல்ற சட்டமான பாரதிய நியாய சன்ஹிதால 314வது பிரிவு இருக்கு, அடுத்தவர் பொருள நேர்மையில்லாம தன்னோடதாக்கிக்கறது, 2 வருஷம் வரைக்கும் ஜெயில்.

வெச்சிருந்தாலும் உங்களுக்கு அது வெறும் காகிதம்தான். லிஸ்ட் ஆன கம்பெனி ஷேர காகிதமா வெச்சு பேர் மாத்தறத 2019 ஏப்ரல் 1ல இருந்து பங்குச்சந்தைய கண்காணிக்கற செபி நிறுத்திடுச்சு. வாரிசுக்கு மாத்தறதுக்கு மட்டும்தான் வழி இருக்கு. அந்தக் குடும்பத்துக்கு இது கேமராவ விட பெரிய தொகையா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, ஏன்னா பழைய சர்டிஃபிகேட்ல 50 ஷேர்னு போட்டிருந்தாலும் நடுவுல போனஸ் ஷேரும், ஒரு ஷேர பலதா பிரிக்கற ஸ்பிளிட்டும் வந்து இன்னிக்கு எண்ணிக்கை எங்கயோ போயிருக்கலாம். 7 வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காம கெடந்தா ஷேரையே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு (ஐஇபிஎஃப்) மாத்திடுவாங்க, மாத்தினாலும் வாரிசுங்க ஐஇபிஎஃப்-5 ஃபாரம் போட்டு திரும்ப வாங்கலாம். இறப்புச் சான்றிதழ், தாசில்தார்கிட்ட வாரிசுச் சான்றிதழ், தொகை பெருசா இருந்தா கோர்ட்ல இன்னொரு சான்றிதழ்னு கொஞ்சம் அலைச்சல் இருக்கு. இந்த விவரத்தையும் சேத்து அந்த அம்மாகிட்ட சொல்லுங்க, காகிதத்த மட்டும் நீட்டினா "அவர் ஏதோ வெச்சிருந்தார்"னு மறுபடி பரண்ல போட்டுடுவாங்க, இல்ல வீடு காலி பண்ற அவசரத்துல பழைய பேப்பரோட போயிடும்.

மெசேஜ் விஷயம்

"கெழவிக்கு ஒண்ணும் தெரியல மச்சி, அள்ளிட்டேன்"னு நண்பருக்கு அனுப்பினத டெலீட் பண்ணவான்னு கேட்டீங்க. பண்ணாதீங்க. உங்க ஃபோன்ல போனா நண்பர் ஃபோன்ல இருக்கப் போகுது. போலீஸ் புகார்னு ஒண்ணு வந்தா, சன்ஹிதால 318வது பிரிவு ஏமாத்திப் பொருள் வாங்கறதுக்கு 7 வருஷம் வரைக்கும் தண்டனை சொல்லுது. ஸ்டேஷன்ல இத சிவில் தகராறுன்னு சொல்லி அனுப்பறதுக்கும் வாய்ப்பு இருக்கு, உங்கள பயமுறுத்தறதுக்காக இத எழுதல. ஆனா அந்த மெசேஜும் 1,500 ஜிபே ரெக்கார்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சா உங்க மனசுல என்ன இருந்துச்சுங்கறது யாருக்கும் புரிஞ்சிடும், அத அழிச்சீங்கன்னா இன்னும் நல்லா புரிஞ்சிடும். மெசேஜ் இருக்கட்டும், நடந்தத சரி பண்ணுங்க. நீங்களா போய் சரி பண்ணதுக்கும் ஒரு ரெக்கார்டு உருவாகும் இல்லையா, அதுதான் உங்களக் காப்பாத்தற ரெக்கார்டு.

இப்ப என்ன பண்ணலாம்

கேமராவ வித்துடலாம்னு ஒரு பக்கம் தோணுது உங்களுக்கு, புரியுது. வித்துட்டா என்ன ஆகும்னா, ரத்து ஆகறதுக்கு முன்னாடி விவரம் தெரியாம நல்லெண்ணத்தோட வாங்கினவருக்கு சரக்கு விற்பனைச் சட்டம் 29வது பிரிவுப்படி பொருள் சொந்தமாயிடும். அப்புறம் அந்த அம்மா கேட்டாலும் கேமரா திரும்ப வராது, பணமா ஈடு கட்ட வேண்டியது நீங்க மட்டும்தான். மோசடி கண்டுபிடிச்ச நாள்ல இருந்துதான் வழக்குக் காலக்கெடு ஓட ஆரம்பிக்கும், அதனால "மூணு வருஷம் ஆனா போச்சு"ன்னு உங்க நண்பர் சொன்னதும் சரி கெடையாது.

என் யோசனை இது. முதல்ல சர்டிஃபிகேட் நாலையும் ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு ஒரிஜினல எடுத்துட்டு நேர்ல போங்க, உங்க மனைவியையும் கூட்டிட்டுப் போனா நல்லது. ஃபோன்லயோ மெசேஜ்லயோ இத முடிக்காதீங்க. கோயமுத்தூர்ல இருக்கற பொண்ண அந்த நேரத்துக்கு வீடியோ கால்ல வரச் சொல்லுங்க, வயசானவங்க தனியா இருக்கறப்ப பேசி முடிச்சா திரும்பவும் அதே குழப்பம்தான். சர்டிஃபிகேட்ட குடுத்துட்டு, வாங்கிக்கிட்டதா நாலு வரி எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க.

அப்புறம் கேமரா. சுத்தி வளைக்காம சொல்லுங்க. "அம்மா, அன்னிக்கு நான் ஓடாதுன்னு சொன்னது பொய், இது நல்லா ஓடுது, இது ஜெர்மனில பண்ண லைக்கா, 1954ல வந்த மாடல், இன்னிக்கு ஒருத்தர் 1,60,000 குடுக்க ரெடியா இருக்கார்." தொகைய கண்டிப்பா வாய் விட்டு சொல்லணும். "நல்ல விலை போகும்மா"ன்னு மழுப்பினீங்கன்னா மறுபடியும் அதே எடத்துக்குத்தான் வர்றீங்க. தொகைய கேட்டதுக்கப்புறம் அவங்க முடிவு எடுக்கட்டும். திருப்பிக் குடுன்னா 1,500 வாங்கிக்கிட்டு குடுத்துடுங்க. வித்துக் குடுன்னா, வாங்கறவர கண்டுபிடிச்சது, பாத்து சொன்னது எல்லாம் உங்க வேலை, அதுக்கு 15, 20 சதவீதம் கமிஷன் கேக்கறதுல எந்தக் கூச்சமும் வேணாம், அந்த அளவு தெரிஞ்சவங்க கெடைக்கறதே கஷ்டம். நீங்களே வெச்சுக்கணும்னா ஒரு விலை சொல்லுங்க. மறுபடி விக்கறதுல இருக்கற சர்வீஸ் செலவு, வாங்கறேன்னவர் பின்வாங்கற ரிஸ்க், இதெல்லாம் கழிச்சு ஒரு ஞாயமான கடைக்காரர் என்ன குடுத்து எடுப்பாரோ அது. என்னக் கேட்டா ஒரு லட்சத்துக்குக் கீழ போக மாட்டேன்.

"அதெல்லாம் வேணாம்பா, நீயே வெச்சுக்கோ"ன்னு அவங்க சொல்லிட்டா? சொல்லுவாங்க, நிறைய பேர் அப்படித்தான். அப்ப பொண்ணுகிட்டயும் பையன்கிட்டயும் ஒரு தடவ கேட்டுட்டு, அவங்களுக்கும் சம்மதம்னா வெச்சுக்கலாம், முழு விவரம் தெரிஞ்சு குடுத்ததுல ஒரு குறையும் இல்ல. ஒரு சின்ன விஷயம், எல்லாரும் ஒத்துக்கிட்டத ஒரு மெசேஜா அந்தப் பொண்ணுக்கு அனுப்பி "சரி"ன்னு பதில் வாங்கி வெச்சுக்கோங்க. திட்டுவாங்களோன்னு பயமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. திட்டலாம். மெல்போர்ன்ல இருக்கற பையன் ஃபோன் போட்டு கத்தவும் செய்யலாம். கேட்டுக்கோங்க, எதிர்த்துப் பேசாதீங்க, அந்தக் கோவத்துல ஞாயம் இருக்கு. தானா வந்து சொன்ன ஆள் மேல கேஸ் போடணும்னு பெரும்பாலும் யாருக்கும் தோணாது, இத ஒரு வக்கீலா பல குடும்பத் தகராறு பாத்த அனுபவத்துல சொல்றேன்.

அந்த ஐம்பொன் சிலை

தொடாதீங்க. இது ஞாயம் அநியாயம்னு ஒக்காந்து யோசிக்கற விஷயமே இல்ல. 100 வருஷத்துக்கு மேல பழசான சிலைன்னா 1972ம் வருஷத்து தொல்பொருள் சட்டம் வந்துடும், பதிவு பண்ணியிருக்கணும், கைமாறினா தகவல் குடுக்கணும், லைசென்ஸ் இல்லாம வாங்கி விக்கற தொழில் பண்ணக்கூடாது. அது ஒரு கோயில்ல இருந்து காணாம போனதா இருந்தா சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு உங்க வீட்டுக்குத்தான் வரும். 1976ல பத்தூர்ல ஒரு கூலித்தொழிலாளி மண்ணு தோண்டறப்ப கெடைச்ச நடராஜர் சிலை சொற்ப காசுக்குக் கைமாறி, லண்டன் வரைக்கும் போய், ஒரு கனடா கம்பெனி பெரும் பணம் குடுத்து நல்லெண்ணத்துல வாங்கியும் கோர்ட்டுல நிக்கல. 1991ல தீர்ப்பு கோயில் பக்கம் வந்து சிலை தமிழ்நாட்டுக்குத் திரும்பிடுச்சு. அவ்வளவு பெரிய கம்பெனியோட வக்கீலுங்களால முடியாதது உங்களால முடியாது.

கேக்காத ஒண்ணையும் சொல்லிடறேன், பின்னாடி தேவைப்படும். ஓவியம், சிற்பம், நகை இந்த மாதிரி சில பொருள சந்தை மதிப்ப விட ரொம்ப கம்மிக்கு வாங்கி, வித்தியாசம் 50,000 ரூபாய்க்கு மேல இருந்தா அந்த வித்தியாசத்தையே உங்க வருமானமா கணக்குப் பண்ணி வரி கேப்பாங்க. கேமரா அந்தப் பட்டியல்ல இல்ல. தஞ்சாவூர் ஓவியம் மேல உங்களுக்கு ஒரு கண்ணு இருக்குன்னு எழுதியிருந்தீங்க, அதுக்காக சொன்னேன்.

அந்த அம்மா மாசக் கடைசில வீடு மாறிடுவாங்க, அப்புறம் எங்கன்னு தேடுவீங்க, அதனால இந்த வாரமே போங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் டைம்னு சொல்றவருக்கு இன்னிக்கே ஃபோன் பண்ணி, கேமராவோட உரிமைல ஒரு விஷயம் பாக்கி இருக்கு, அது முடியாம விக்க முடியாதுன்னு சொல்லிடுங்க. காத்திருந்தா சரி. இல்லைன்னாலும் பரவால்ல, நல்லா ஓடற எம்3க்கு வேற ஆள் வருவாங்க.